என் பெயரை எழுதிய இரண்டு குழாய்கள்

புதிதாக ஆபரேஷன் தியேட்டரில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, கை கழுவுவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. அது தொட்டிக்கு மேலேயே படம் போட்டு ஒட்டியிருக்கும். முப்பத்தொரு வருடம் அந்தத் தொட்டியின் முன்னால் நின்றவள் நான். பெயர் மெஹருன்னிசா, தியேட்டருக்குள் மெஹர் சிஸ்டர். ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. என் கையால் ஒரு பெண் சாகப் பிழைக்கக் கிடந்தாள், வேறொருத்தி வேலையை இழந்தாள். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் கையுறையை ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிற வழக்கம் கிடையாது. கழுவி, தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பார்ப்போம். ஓட்டை இருந்தால் பழைய கையுறையில் சின்ன வட்டமாக வெட்டி ஒட்டுவோம். கொடியில் காயப்போட்டு, பவுடர் தூவி, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு மறுபடி அனுப்புவோம். சனிக்கிழமை தியேட்டரை மூடி ஃபார்மலின் புகை போடுவோம். திங்கட்கிழமை கதவைத் திறந்தால் கண்ணிலிருந்து நீர் கொட்டும். அப்படி எரிந்தால்தான் கிருமி செத்தது என்று நம்பினோம். இப்போது அந்தப் புகையே கெடுதல் என்கிறார்கள். கிருமி சுவரில் இருக்கிறது, காற்றில் இருக்கிறது, நம்மைத் தவிர எல்லா இடத்திலும் இருக்கிறது என்று நினைத்த காலம் அது.

நர்சிங் படிக்கும்போது வகுப்பில் ஒரு கதை சொன்னார்கள். ரொம்ப காலத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு டாக்டர், பிரசவம் பார்க்கும் முன் கையைக் கழுவுங்கள் என்று மற்ற டாக்டர்களிடம் கெஞ்சினாராம். எங்கள் கை அழுக்கா என்று அவர்களுக்குக் கோபம் வந்து, அவரை ஒதுக்கியே வைத்துவிட்டார்களாம். கதையைக் கேட்டு அந்த டாக்டர்கள் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் யார் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

தியேட்டரில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது ஒரு மூத்த சிஸ்டர். அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் குடல்வால் வெடித்த நோயாளி மேஜையில் கிடக்கிறார், மயக்கம் கொடுத்தாகிவிட்டது. ஆட்டோகிளேவில் சுத்தம் செய்து வந்த துணி டிரம்மை நான் திறந்தால் அடித் துணி ஈரமாக இருக்கிறது. ஈரத் துணியில் கிருமி ஏறிவிடும். சர்ஜன் கையை உயர்த்திக்கொண்டு காத்து நிற்கிறார். மூத்த சிஸ்டரின் காதில் மெதுவாகச் சொன்னேன், "லேசா ஈரமா இருக்கு சிஸ்டர்."

"லேசா ஈரம்னு ஒண்ணு இல்ல. மூடு அதை" என்றவர், சர்ஜனிடம் திரும்பி, "பத்து நிமிஷம் ஆகும் டாக்டர், லேபர் ரூம்ல இருந்து வேற டிரம் வரணும்" என்றார். சர்ஜன் கத்தினார். அந்தப் பத்து நிமிஷமும் மூத்த சிஸ்டர் அவர் கத்தலைக் கேட்டுக்கொண்டு அசையாமல் நின்றார். அவரிடமிருந்து சந்தேகப்படக் கற்றுக்கொண்டேன். டிரம், தண்ணீர், நூல், மற்றவர்களின் நகம், எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். விட்டுப்போனது ஒன்றுதான்.

நான் கடைசியாக வேலை பார்த்தது மன்னார்குடிப் பக்கம், சுற்றிலும் வயலாக இருக்கும் ஒரு சின்ன ஊரின் தனியார் ஆஸ்பத்திரி. பெரிய டாக்டர் சர்ஜன். அவர் மனைவி, நாங்கள் டாக்டரம்மா என்போம், பிரசவம் பார்ப்பவர். அங்கே தியேட்டருக்கு நான்தான் பொறுப்பு.

என் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், வாடகைக்கு. அத்தாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். தம்பி ஷார்ஜாவில் குடும்பத்தோடு இருக்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து போன் செய்வான். கல்யாணம் எனக்கு அமையவில்லை. வீட்டில் ஒரு டம்ளர் கழுவி வைத்தால் மறுநாள் அதே டம்ளர் அதே இடத்தில் இருக்கும். தியேட்டருக்குள் போய்விட்டால் அப்படியில்லை. சர்ஜன் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவார், அவர் கேட்கும் முன்பே கத்திரி அவர் உள்ளங்கையில் இருக்கும். ஒரு மனுஷருடைய கை என் கைக்காகக் காத்திருந்த இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். நான் செய்ததற்கு இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. ஏன் செய்தேன் என்று உங்களுக்குப் புரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

அந்த வருடம் ஆனி மாதம் என் வலது கை விரல் இடுக்கில் தோல் வெடித்தது. வருடக்கணக்கில் பிரஷ் போட்டுத் தேய்த்த கை. முதலில் அரிப்பு, பிறகு சின்னக் கீறல், அதிலிருந்து கொஞ்சம் நீர். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது தண்ணீர் பட்டால் சுரீர் என்று எரியும். கையில் புண் இருந்தால் ஆபரேஷனில் கை கொடுக்கக் கூடாது என்பது நானே எழுதி ஒட்டிய விதி. அதைச் சொன்னால் என்னை வார்டுக்கு மாற்றுவார்கள். சில வாரம்தான் என்பார்கள், அதற்குள் அந்த இடத்தில் வேறு ஆள் நின்று பழகிவிடும். நான் களிம்பு தடவி, கையுறை இரண்டு ஜோடி போட்டுக்கொண்டேன். யாரிடமும் காட்டவில்லை.

ஆடி கடைசியில் ஹெர்னியா ஆபரேஷன் ஆன ஒரு விவசாயிக்குத் தையலில் சீழ் வைத்தது. ஒன்றுதானே என்று விட்டோம். அடுத்து ஒரு சிசேரியன் பெண்ணுக்கும் வைத்தது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், "என்ன சிஸ்டர் நடக்குது தியேட்டர்ல?"

தியேட்டரைத் துடைக்கிற ஆயா காத்தாயி. பக்கத்துக் கிராமம். நாற்பது வயதிருக்கும். லீவு நாளில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் அவள் பெயர் எப்படியோ எல்லார் வாயிலும் வந்துவிட்டது. "சேத்துல நின்னுட்டு அப்படியே வர்றா" என்றார் டெக்னீஷியன். "நகத்துல பாத்தேன் சிஸ்டர், கறுப்பா இருந்துச்சு" என்றாள் என் கீழே வேலை பார்த்த சுகன்யா.

பெரிய டாக்டர் என்னிடம், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

அவள் மேஜை பக்கமே வருவதில்லை, ஆபரேஷன் முடிந்த பிறகுதான் உள்ளே வருகிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும், "மாத்திப் பாக்கலாம் டாக்டர்" என்றேன். வேறு இடத்தில் அப்போது ஆள் தேவையில்லை. அவளை நிறுத்திவிட்டார்கள். நான்தான் அவளிடம் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்டாள். "தியேட்டர்ல கிருமி இருக்கு, பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றேன். "நான் கொண்டாந்தேன்னு சொல்றாங்களா சிஸ்டர்?" என்றாள். நான் துணிகளை மடிக்கத் திரும்பிக்கொண்டேன்.

அவள் போன பன்னிரண்டாம் நாள் மூன்றாவது சீழ். அப்போதும் யாருக்கும் காத்தாயி ஞாபகம் வரவில்லை. நான் ஆட்டோகிளேவைச் சோதிக்க அனுப்பினேன். அது சரியாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். ஏசியைக் கழற்றித் துடைக்க வைத்தேன். இன்னும் ஆறாமலிருந்த இரண்டு பேருடைய சீழையும் தஞ்சாவூர் லேபுக்கு அனுப்பினேன். இவ்வளவும் அந்தக் கையாலேயே செய்தேன்.

நாலாவது சுபா. திருவையாறு பக்கத்துப் பெண், இங்கே அத்தை வீட்டில் இருந்தாள். இருபத்திரண்டு வயது, தலைப்பிரசவம், சிசேரியன். மூன்றாம் நாள் குளிரில் உடம்பு தூக்கிப் போட்டது. ரத்த அழுத்தம் இறங்கியது. தையலைச் சுற்றி வயிறு சிவந்து வெந்த மாதிரி இருந்தது. ஆம்புலன்சில் தஞ்சாவூருக்கு அனுப்பினோம். நான்தான் கூடப் போனேன். வழியெல்லாம் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், புள்ள பசிச்சிக் கிடக்கும் சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவளைச் சேர்த்துவிட்டு லேபுக்குப் போனேன். அங்கே கிருமி பார்க்கிற டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். இரண்டு சீழ் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"ரெண்டும் ஒரே கிருமி சிஸ்டர். எந்த மருந்துக்குச் சாகுது, எந்த மருந்துக்குச் சாகலைங்கறதுகூட ஒண்ணாதான் இருக்கு. இது தண்ணியில, தரையில இருந்து வர்ற சாதி இல்ல. ஆளுகிட்ட இருந்து வருது. மூக்குல இருக்கும், தோல் வெடிப்புல இருக்கும். தியேட்டர்ல நிக்கிற எல்லாரோட மூக்குலயும் ஸ்வாப் எடுங்க. கையில புண் இருந்தா அதுலயும் எடுங்க."

நான் சேலைத் தலைப்புக்குள் கையை வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

மறுநாள் பெரிய டாக்டரிலிருந்து ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் வரை எட்டுப் பேரின் மூக்கிலும் பஞ்சுக் குச்சியால் ஸ்வாப் எடுத்து, அவரவர் பெயர் எழுதிய குழாயில் போட்டேன். பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே மூக்கைக் காட்டினார். மயக்க மருந்து டாக்டர் முணுமுணுத்தார். சுகன்யாவின் முகம் சுருங்கிவிட்டது. "எங்களையே சந்தேகப்படுறீங்களா?" என்றாள். ஒருவர்கூட, உங்களுக்கு யார் எடுப்பது என்று என்னைக் கேட்கவில்லை. எடுக்கிறவளுக்கு எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு தியேட்டர் ரிஜிஸ்டரை எடுத்து நாலு ஆபரேஷனையும் பார்த்தேன். இரண்டில் பெரிய டாக்டர் இல்லை. ஒன்றில் சுகன்யா லீவு. ஒன்றில் வேறு மயக்க டாக்டர். கடைசி இரண்டிலும் காத்தாயி இல்லை. நாலிலும் கை கொடுத்த இடத்தில் ஒரே கையெழுத்து. என்னுடையது.

உடை மாற்றும் அறையில் போய் உட்கார்ந்தேன். மிச்சமிருந்த குழாய்கள் என் மடியில் கிடந்தன. ஒரு நாளைக்கு ஐந்து வேளை ஒளு செய்து மூக்கைக் கழுவுகிறவள் நான், எனக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு. எடுக்காவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று இன்னொன்று. இரண்டு வாரம் தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று லீவு போட்டு, கையை ஆற்றிக்கொண்டு வந்துவிட்டால் சீழ் தானாக நின்றுவிடும். காரணம் தெரியாமலே போகும். இது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அந்த நேரத்தில் யாராவது கதவைத் திறந்து, என்ன சிஸ்டர் என்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன். யாரும் வரவில்லை. சுபாவின் விரல் பட்ட மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கண்ணாடி முன்னால் நின்று என் மூக்கில் நானே எடுத்தேன். களிம்பைத் துடைத்துவிட்டு விரல் இடுக்கிலும் எடுத்தேன். இரண்டு குழாயிலும் பெயர் எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. லேபில் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்று அடித்துவிட்டுப் பெரிய எழுத்தில் மறுபடி எழுதினேன்.

ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தஞ்சாவூர் போனேன். குறுவை அறுப்பு முடிந்த சமயம், ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. பஸ் ஒதுங்கி ஒதுங்கிப் போனது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, "மீனாம்மா பெட்டியில?" என்று கேட்டார். "இல்லைங்க, மருந்து" என்றேன்.

மூன்றாம் நாள் லேப் டாக்டர் போன் செய்தார். "ரெண்டு பேர் மூக்குல இருக்கு சிஸ்டர். உங்க டெக்னீஷியன்கிட்ட இருக்கறது வேற வகை, அதால பிரச்சினை இல்ல. இன்னொண்ணு..." என்று நிறுத்தினார்.

"இன்னொண்ணு நான்தானே டாக்டர்?"

"ஆமா. மூக்கு, கை ரெண்டுலயும். சீழ்ல இருந்த அதே கிருமி." பிறகு, "மூணு பேருல ஒருத்தருக்கு மூக்குல இது இருக்கறது சகஜம்தான், அதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றார்.

மூக்கில் இருந்தது என் தப்பில்லைதான். கையை மறைத்தது?

பெரிய டாக்டரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். கையை விரித்துக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். நல்ல மனுஷர், அவர் குரலில் கோபம் இல்லை.

"எத்தனை நாளா?"

"ஆனி மாசத்துல இருந்து."

எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இது நம்மகூட இருக்கட்டும் சிஸ்டர். லீவு எடுத்துக்கிட்டு வைத்தியம் பாருங்க. வெளிய தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்கும் கெட்ட பேரு, உங்களுக்கும் அசிங்கம்."

அவர் எனக்காகவும்தான் சொன்னார். ஆனால் எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. "நான் மறைச்சதாலதான் டாக்டர் இவ்வளவும். மறுபடி மறைக்கச் சொல்றீங்களே" என்றேன். அன்று மதியம் தியேட்டர் ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டு நானே சொன்னேன். சுகன்யா தலையைக் குனிந்துகொண்டாள். டெக்னீஷியன் தொண்டையைச் செருமினார். யாரும் திட்டவில்லை. சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாகிவிட்டது.

சுபா பிழைத்தாள். வயிற்றை மறுபடி திறந்து கழுவினார்கள். முப்பத்தெட்டு நாள் தஞ்சாவூரில் கிடந்தாள். குழந்தை புட்டிப்பாலில் வளர்ந்தது. அவளுக்குப் பால் வற்றிவிட்டது. இருபதாம் நாள்வாக்கில், வைத்தியம் முடிந்து என் கிருமி போய்விட்டது என்று லேபில் எழுதிக் கொடுத்த பிறகு, அவளைப் பார்க்கப் போனேன். வராந்தாவில் அவள் அம்மா குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் நடந்ததைச் சொன்னேன். புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் குழந்தையைத் துணியோடு சேர்த்து மார்போடு இழுத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். "போயிடுச்சும்மா, இப்ப இல்ல" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அந்த வாரங்களில் வீட்டில் தனியாக இருந்தேன். தினமும் மருந்து சோப்பில் குளியல், தலையணை உறையை வெந்நீரில் ஊறப்போடுவது, மூக்கில் களிம்பு. வெள்ளிக்கிழமை தம்பி போன் செய்வான், நல்லா இருக்கேன் என்பேன். பக்கத்து வீட்டில் விசேஷத்துக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. கையைப் பார்ப்பேன், ஆறிக்கொண்டு வந்தது. மறுபடி தியேட்டருக்குப் போகும்போது அந்தக் கையை நம்பி யாராவது கை நீட்டுவார்களா என்று யோசிப்பேன். நீட்டினார்கள். ஒரு மாதம் கழித்துப் போனேன். பெரிய டாக்டர் கையை நீட்டினார். ஆனால் அதற்கு முன் ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டு நீட்டினார். அந்த ஒரு நொடி ஓய்வு பெறும் வரை போகவில்லை.

உங்களிடம் சொல்ல வேண்டியது இதுதான். ஏதாவது தப்பாக நடந்தால் தேடுங்கள். தேடும்போது, தியேட்டரில் எல்லாரையும்விட எளிய ஆளின் பெயர் முதலில் வாயில் வந்தால் அங்கேயே நில்லுங்கள். அது தேடல் இல்லை. தேடாமலிருக்க ஒரு வழி. நின்ற இடத்திலேயே உங்கள் கையை விரித்துப் பாருங்கள். புண் இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். உங்கள் இடத்தில் வேறு ஆள் நிற்கட்டும். அது எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கும் பயமாகத்தான் இருக்கும்.

சுபா வீட்டாரிடம் சொல்லிவிட்டேன், ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டேன். காத்தாயியிடம் சொல்ல மட்டும் ஐந்து வாரம் ஆனது. கால் வரவில்லை. மற்றவர்களுக்கு நடந்தது எனக்கே தெரியாமல் நடந்தது. அவளுக்கு நான் செய்தது தெரிந்து செய்தது.

ஐப்பசியில் ஒரு நாள் அவள் கிராமத்துக்குப் போனேன். நடவுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். வாய்க்கால் ஓரமாக நடந்து போனால், குறுவை அறுத்த வயலில் தாளடி நடவு. எட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். காத்தாயி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நட்டபடியே வரிசை நகர்ந்து வரப்புக்குப் பக்கத்தில் வரும்வரை நின்றேன்.

"என்ன சிஸ்டர், இவ்வளவு தூரம்?"

"உன்னால இல்ல காத்தாயி. என் கையில புண்ணு இருந்துச்சு. என்னாலதான் வந்துச்சு" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அவள் கையிலிருந்த நாற்றுமுடியைச் சேற்றில் வைத்தாள். "ஊர்ல என்ன சொல்றாங்க தெரியுமா? நான் ஏதோ நோயக் கொண்டுபோயி ஆஸ்பத்திரியில விட்டேன்னு சொல்றாங்க. என் மவளைப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட அதைக் கேட்டாங்க. என் காதுல சொல்லி என்ன செய்யறது? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

பெண்கள் நடுவதை நிறுத்தியிருந்தார்கள். முப்பத்தொரு வருடத்தில் நான் சத்தமாகப் பேசியதே இல்லை. தியேட்டரில் அதற்கு வேலை கிடையாது. வரப்பில் நின்று, என் பெயரைச் சொல்லி, எந்தக் கை, எத்தனை மாதம் மறைத்தேன், காத்தாயி போன பிறகும் எப்படித் தொடர்ந்தது, அவளை மாற்றச் சொன்னது நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பெண், "இன்னும் கொஞ்சம் சத்தமாம்மா, கடைசியில இருக்கறவளுக்குக் கேக்கல" என்றாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"திரும்ப வேலைக்கு வா காத்தாயி. டாக்டர்கிட்ட பேசிட்டேன்" என்றேன்.

"வரல சிஸ்டர். இனிமே அந்த வாசல்ல நான் நின்னா எல்லாரும் என் சேத்துக் காலத்தான் பாப்பாங்க."

அவள் சொன்னது நிஜம்தான். அவள் வரப்போரம் வந்து, "எங்க, காட்டுங்க அந்தக் கைய" என்றாள். நீட்டினேன். வாய்க்கால் தண்ணீரில் தன் கையைக் கழுவிவிட்டு, என் விரல்களைப் பிரித்து இடுக்கைப் பார்த்தாள். தழும்பைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். கையுறை இல்லாமல் என் விரல்களை ஒருவர் தொட்டு எத்தனை மாதமாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆறிடுச்சு" என்று சொல்லிக் கையை விட்டாள். "மழை வர்ற மாதிரி இருக்கு. போங்க."

அவள் நாற்றுமுடியை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். எட்டுப் பேரும் மறுபடி குனிந்தார்கள்.